தம்பி விட்டுப்போன மூன்று கருக்கள்: யாரைக் கேட்பது?

நீங்கள் எழுதியதை முதலில் என் வார்த்தையில் சொல்லிப் பார்க்கிறேன், சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பாருங்கள். பாம்பன் பக்கம் உங்கள் ஊர். விசைப்படகில் கூலிக்குப் போன உங்கள் தம்பி போன ஐப்பசியில் ராத்திரி கடலில் தவறி விழுந்து, மூன்றாம் நாள் கரை ஒதுங்கினார். கல்யாணமாகி ஐந்து வருடம் பிள்ளை இல்லாமல், 2023இல் மதுரையில் ஐவிஎஃப், அதாவது கருமுட்டையையும் விந்தணுவையும் உடலுக்கு வெளியே சேர்த்துக் கருவாக்கும் சிகிச்சை, செய்திருக்கிறார்கள். முதல் தடவை வைத்த கரு நிற்கவில்லை. மிச்சம் மூன்று கரு அங்கேயே உறைநிலையில் இருக்கிறது. அதை வைத்து ஒரு பிள்ளையைப் பெற்றுக்கொடு என்று உங்கள் அம்மா மருமகளைக் கேட்கிறார். அந்தப் பெண்ணுக்கு 27 வயது; அவளைப் பெற்றவர்கள் வேறு இடத்தில் கட்டிக்கொடுக்கப் பார்க்கிறார்கள். அவள் இரண்டு பக்கமும் வாய் திறக்கவில்லை. "செத்தவன் பிள்ளையை இப்போ உண்டாக்குறது பாவமா, சட்டம் விடுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். சட்டத்தைக் கேட்பது போல இருந்தாலும், உங்கள் எழுத்தில் வேறொரு கேள்விதான் எனக்குக் கேட்கிறது: தம்பியின் ஆசை என்று சொல்லி அந்தப் பெண்ணிடம் இதைக் கேட்க நமக்கு உரிமை இருக்கிறதா?

மதுரையில் ஒரு குழந்தைப்பேறு சிகிச்சை மையத்தில் 14 வருடம் கவுன்சலராக இருந்தவள் நான். பிறந்து வளர்ந்தது உங்கள் பாம்பனுக்குப் பக்கத்து ஊரான மண்டபம். நான் வக்கீல் இல்லை. அதனால் எது எழுதிவைத்த சட்டம், எது கோர்ட்டு ஒரு வழக்கில் சொன்னது, எது என் அபிப்பிராயம் என்று பிரித்தே சொல்கிறேன். உங்கள் தம்பி மனைவியை நான் பார்த்ததில்லை, அதையும் மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் உங்கள் கேள்வியில் ஒரு சொல்லைத் திருத்திக்கொள்வோம். "உண்டாக்குறது" என்கிறீர்கள். அந்தக் கருக்கள் உங்கள் தம்பி உயிரோடு இருந்தபோதே உண்டாகிவிட்டன. இருவரும் சேர்ந்து, பணம் கட்டி, அவள் பத்துப் பன்னிரண்டு நாள் வயிற்றில் ஊசி போட்டுக்கொண்டு, மயக்கம் கொடுத்துக் கருமுட்டை எடுத்து உண்டாக்கியவை. இறந்தவரின் உடலிலிருந்து விந்தணு எடுப்பது வேறு சங்கதி. அதை இறந்து 24 மணி நேரத்துக்குள், அதிகம் போனால் 36 மணி நேரத்துக்குள் செய்தாக வேண்டும். கடலில் போனவர்கள் பெரும்பாலும் அதற்குள் கிடைப்பதில்லை. அது அவரைக் கேட்காமலே அவர் உடலைத் தொடுகிற காரியம் என்பதால் அதன் மேல் எனக்கு இருக்கும் தயக்கமும் பெரிது. உங்கள் வீட்டு விஷயத்தில் அந்தத் தயக்கத்துக்கு இடமில்லை. ஆனால் கருவில் பாதி அவளுடையது என்பதை இந்தப் பேச்சில் உங்கள் வீட்டில் யாராவது சொன்னார்களா? "தம்பியின் கரு" என்றுதான் நீங்களும் எழுதியிருக்கிறீர்கள்.

கருவை வைத்திருக்கும் இடத்தை உங்கள் அம்மா பார்த்திருக்க மாட்டார். பால் கேன் போல ஒரு பாத்திரம், உள்ளே திரவ நைட்ரஜன், மைனஸ் 196 டிகிரி. மூடியைத் தூக்கினால் வெள்ளைப் புகை வழிந்து தரையில் படரும். அதற்குள் உறிஞ்சுகுழலை விட மெல்லிய ஒரு குழல், அதன் மேல் இரண்டு பெயர், ஒரு எண், ஒரு தேதி. கண்ணுக்குத் தெரிகிற அளவுகூட இல்லாதது உள்ளே இருக்கிறது. மூன்று கரு என்றால் மூன்று பிள்ளை என்று அர்த்தமில்லை. மூன்றும் நிற்காமல் போவதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். அவள் சம்மதித்து, இரண்டு வாரம் மாத்திரை சாப்பிட்டு, கரு வைத்து, அதுவும் நிற்காமல் போனால், தம்பி இரண்டாம் முறை செத்தது போல ஆகிவிடும் உங்கள் வீட்டில். அந்தப் பழி யார் தலையில் விழும் என்று உங்களுக்கே தெரியும்.

இனி நான் சொல்லப்போவது என் தவறும் சேர்ந்தது. கருவை உறையவைக்கும் முன் கணவன் மனைவி இருவரும் ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். எதிர்பாராமல் நான் இறந்துவிட்டால் இதை என்ன செய்வது என்று அதில் கேட்டிருக்கும்: அழியவிடலாமா, மனைவிக்குத் தரலாமா, ஆராய்ச்சிக்குக் கொடுக்கலாமா என்று. நம் கரைக்காரர்கள் எங்களிடம் அதிகம் வருவது தடைக்காலத்தில்தான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது, ஆண்கள் வீட்டில் இருப்பார்கள். அப்படி ஒரு மத்தியானம் நம் பக்கத்து ஜோடி ஒன்று வந்திருந்தது. அவர் உள்ளங்கை முழுக்கக் கயிறு இழுத்த தழும்பு, பேனா பிடிக்கவே கஷ்டப்பட்டார். "இறந்துவிட்டால்" என்று நான் வாசித்ததும் அந்தப் பெண் தாளை என் பக்கம் தள்ளி, "நல்ல காரியத்துக்கு வந்த இடத்துல எதுக்கு மேடம் இதெல்லாம், நீங்களே டிக் போட்டுருங்க" என்றாள். கடலுக்குப் போகிறவன் பெண்டாட்டியிடம் அந்த வார்த்தையை இரண்டாம் முறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மனைவிக்கு என்ற கட்டத்தில் டிக் போட்டுவிட்டேன். எல்லாரும் அப்படித்தான் செய்துகொண்டிருந்தோம். மூன்று வருடம் கழித்து அந்தப் பெண் தாலி இல்லாமல் அதே நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள். "அவர் என்ன நினைச்சு இதைப் போட்டாருன்னு உங்களுக்கு ஞாபகம் இருக்கா மேடம்?" என்று கேட்டாள். அந்த டிக் என் பேனாவில் விழுந்தது. அன்றைக்கு அவளிடம் உண்மையைச் சொன்னேன். அதற்குப் பிறகு அந்தப் பக்கத்தை நான் அவசரமாகப் புரட்டியதில்லை. வெளியே போய் டீ குடித்துவிட்டு வாருங்கள், இருவரும் பேசிவிட்டு வந்து எழுதுங்கள் என்று அனுப்புவேன்.

இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் என்றால், "அவன் ஆசைப்பட்டான்" என்று உங்கள் அம்மா சொல்வதில் இரண்டு ஆசை கலந்து கிடக்கிறது. பிள்ளை வேண்டும் என்பது ஒன்று. தான் இல்லாமல் போனாலும் அந்தப் பிள்ளை பிறக்க வேண்டும், தன் பெண்டாட்டி அதைத் தனியாக வளர்க்க வேண்டும் என்பது இன்னொன்று. முதலாவது உங்கள் தம்பிக்கு இருந்தது, சந்தேகமே இல்லை. இரண்டாவது இருந்ததா என்பதற்கு அந்தப் படிவமும், அவர் அதை எப்படிப் பூர்த்தி செய்தார் என்பதும், அவர் மனைவியிடம் ராத்திரியில் பேசியதும்தான் சாட்சி. "எனக்கு ஒண்ணு ஆனாலும் பிள்ளை இருக்கும்ல" என்று சொல்லிவிட்டுப் போகிற ஆண்களைப் பார்த்திருக்கிறேன். "நான் இல்லைன்னா நீ கஷ்டப்படாத, வேற பாத்துக்க" என்று சொன்னவர்களையும் பார்த்திருக்கிறேன். இருவரும் பிள்ளைக்கு ஏங்கியவர்கள்தான். உயிரோடு இருப்பவர் கருவை வைக்கும் நிமிடம் வரை சம்மதத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம், நம் சட்டமே அப்படிச் சொல்கிறது. செத்தவர் வாங்கவும் முடியாது, புதுப்பிக்கவும் முடியாது. கடைசியாகச் சொன்னது அப்படியே நின்றுவிடுகிறது.

இந்தச் சிக்கல் நம் ஊரில் மட்டும் இல்லை. இங்கிலாந்தில் டயான் பிளட் என்ற பெண்ணின் கணவர் 1995இல் மூளைக்காய்ச்சலில் நினைவிழந்து கிடந்தபோது விந்தணு எடுத்துவைத்தார்கள். எழுத்தில் சம்மதம் இல்லை என்பதால் அங்கே சட்டம் மறுத்தது. 1997இல் கோர்ட்டு அதை பெல்ஜியத்துக்கு எடுத்துப்போக வழிவிட்டது, அவருக்கு இரண்டு மகன்கள் பிறந்தார்கள். பிறப்புப் பதிவில் அப்பா பெயர் போட அவர் 2003 வரை போராட வேண்டியிருந்தது, அதற்கென்று ஒரு சட்டமே திருத்தினார்கள். பிரான்சும் ஜெர்மனியும் இறந்தவரின் விந்தணுவை இப்படிப் பயன்படுத்த அனுமதிப்பதில்லை. இஸ்ரேலில் 2003இல் வந்த வழிகாட்டுதலின்படி, இறந்தவர் விரும்பியிருப்பார் என்று துணைவி காட்டினால் விடுகிறார்கள். ஐரோப்பிய இனப்பெருக்க மருத்துவர் சங்கத்தின் அறவியல் குழு 2006இல் மூன்று நிபந்தனை வைத்தது: இறந்தவரின் எழுத்துச் சம்மதம், துணைவிக்கு முழுமையான கவுன்சலிங், இறப்புக்குப் பிறகு குறைந்தது ஒரு வருடம் காத்திருப்பது. என் அனுபவத்தில் அந்த மூன்றாவதுதான் மிக முக்கியம்.

நம் நாட்டில் 2021இல் வந்து 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த செயற்கைக் கருத்தரிப்புச் சட்டம் கணவன் இறந்த பிறகு கருவைப் பயன்படுத்துவதைத் தடை செய்யவில்லை. 21 வயதுக்கு மேல் 50 வயதுக்குள் இருக்கும் பெண் தனியாகவும் இந்தச் சிகிச்சைக்கு வரலாம். இவ்வளவு உறுதி. கோர்ட்டுகள் சொன்னது இனி. 2021இல் கல்கத்தா உயர் நீதிமன்றத்தில் ஒரு தகப்பனார், இறந்த மகனின் உறைய வைத்த விந்தணுவைக் கேட்டார். மனைவி இருக்கும்போது உரிமை அவளுக்குத்தான், தகப்பனுக்கு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். 2024 அக்டோபரில் டெல்லி உயர் நீதிமன்றம் புற்றுநோயில் இறந்த ஒரு பையனின் விந்தணுவை அவன் அம்மா அப்பாவிடம் கொடுக்கச் சொன்னது. அது பேப்பரில் பெரிதாக வந்தது, உங்கள் அம்மா காதுக்கும் யாராவது கொண்டுவந்திருப்பார்கள். ஆனால் அந்தப் பையனுக்குக் கல்யாணம் ஆகவில்லை, சிகிச்சைக்கு முன் அவனே சம்மதித்து எடுத்துவைத்தது. அதே வருடம் ஆகஸ்டில் கேரளாவில், சாகக் கிடந்த கணவரின் விந்தணுவை எடுத்துவைக்க மனைவி கேட்டதற்கு, எழுத்துச் சம்மதம் இல்லாமலே உயர் நீதிமன்றம் இடைக்கால உத்தரவு கொடுத்தது. மூன்றையும் சேர்த்துப் பார்த்தால், மனைவி இருக்கிற வீட்டில் மாமியாருக்கு இதில் குரல் இல்லை என்றே நான் புரிந்துகொள்கிறேன். உங்கள் தம்பியின் படிவத்தில் மனைவிக்கு என்று இருந்தால் அவள் கேட்கலாம். அப்படியும் சில மையங்கள் பயந்துகொண்டு கோர்ட்டு உத்தரவு கொண்டு வா என்பார்கள், அதற்கு வக்கீல் வேண்டும்.

பிறந்த பிள்ளைக்குச் சொத்து வருமா என்பதில்தான் சட்டம் குழம்பிக் கிடக்கிறது. இந்து வாரிசுரிமைச் சட்டம், தகப்பன் இறக்கும்போது வயிற்றில் இருந்த பிள்ளைக்குத்தான் பங்கு என்கிறது. டேங்கில் இருந்த கரு வயிற்றில் இருந்த கரு ஆகுமா? கணவன் இறந்து 280 நாளுக்குள் பிறந்தால் அவன் பிள்ளை என்று சாட்சியச் சட்டம் எடுத்துக்கொள்ளும். அந்த நாள் கணக்கு இங்கே ஒத்துவராது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2005லேயே, இறந்த கணவரின் உறைய வைத்த விந்தணுவில் பிறந்த பிள்ளையை முறையான பிள்ளையாகவே கருத வேண்டும், சட்டம் அதற்குத் தக மாற வேண்டும் என்று எழுதிவைத்தது. அது வழிகாட்டுதல்தான், சட்டமாகவில்லை. ஆகவே பேரனுக்கு வீட்டில் பங்கு உண்டு என்று அம்மா வாயால் சொல்வது போதாது. ஒரு நாள் பிள்ளை பிறந்தால் அவர் பங்கைப் பத்திரத்தில் எழுதித்தர வேண்டும். உங்கள் அண்ணன்மார் அதற்கு ஒத்துக்கொள்வார்களா என்று இப்போதே கேட்டுப் பாருங்கள். அந்தப் பதிலில் நிறைய விஷயம் தெரிந்துவிடும்.

பாவமா என்று கேட்டீர்கள். உங்கள் மதம் எது என்று நீங்கள் சொல்லவில்லை. கத்தோலிக்கத் திருச்சபை ஐவிஎஃப்பையே ஏற்பதில்லை, 1987லேயே எழுத்தில் சொல்லிவிட்டார்கள்; பங்குச் சாமியாரிடம் போனால் பேச்சு அங்கேதான் ஆரம்பிக்கும். கீழக்கரை, தொண்டிப் பக்கம் ஆலிம்களை, அதாவது இஸ்லாமிய மார்க்க அறிஞர்களைக் கேட்டால், மரணத்தோடு திருமண பந்தம் முடிந்துவிடுகிறது, அதனால் கூடாது என்பதே பெரும்பாலோர் கருத்து. நம் பாரதக் கதையை வைத்து ஆதரவாகப் பேசுகிறவர்களும் உண்டு. விசித்திரவீரியன் பிள்ளையில்லாமல் செத்தபோது வியாசரைக் கூப்பிட்டு வம்சத்தை வளர்த்தார்களே என்பார்கள். அப்படிக் கூப்பிட்ட அவன் அம்மா சத்தியவதி மீன் பிடிக்கிற வீட்டில் வளர்ந்த பெண்தான். ஆனால் அந்தக் கதையை முழுக்கச் சொல்லுங்கள். வியாசரிடம் அனுப்பப்பட்ட அவன் மனைவிகளில் அம்பிகை பயந்து கண்ணை மூடிக்கொண்டாள், அம்பாலிகை வெளிறிப்போனாள். மாமியாருக்கு வம்சம் வேண்டியிருந்தது. மருமகள்கள் இருவருக்கும் வேண்டுமா என்று ஒருவரும் கேட்கவில்லை. எனக்கு அந்தக் கதையில் மறக்க முடியாத இடம் அதுதான்.

பிள்ளையின் பக்கத்திலிருந்தும் பார்க்க வேண்டும். அப்பா இல்லாமல் வளர்வது மட்டுமே ஒரு பிள்ளையைக் கெடுத்துவிடாது. கேம்பிரிட்ஜில் சூசன் கோலம்போக் பல பத்தாண்டுகள் பலவிதக் குடும்பங்களைப் பார்த்துச் சொன்னது இதுதான்: குடும்பம் எந்த வடிவத்தில் இருக்கிறது என்பதை விட உள்ளே பாசம் எப்படி இருக்கிறது என்பதே பிள்ளையைத் தீர்மானிக்கிறது. நம் கரையில் இதற்கு ஆராய்ச்சி தேவையில்லை, தெருவுக்கு நாலு பேர் அப்பாவைக் கடலுக்குக் கொடுத்து வளர்ந்தவர்கள். எனக்குப் பயம் வேறு. என் பெரியம்மா ஒருவர் 1965 ஏப்ரலில் பிறந்தார். 1964 டிசம்பர் தனுஷ்கோடிப் புயலில் அவர் அப்பா போனபோது ஐந்து மாதமாக வயிற்றில் இருந்தார். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் அவர் முகவாயைப் பிடித்துத் தூக்கிப் பார்த்து, "அப்படியே அவன்தான்" என்று அழுவார்களாம். ஐம்பது வயதுக்கு மேல் ஒரு நாள் என்னிடம் சொன்னார்: "என் மூஞ்சிய யாருமே பாக்கலடி." வயிற்றில் இருந்த பிள்ளைக்கே அப்படி. இங்கே ஒருவரின் துக்கத்தை ஆற்றவென்றே முடிவெடுத்து ஒரு பிள்ளையைக் கொண்டுவரப் போகிறீர்கள். உங்கள் அம்மாவைத் தனியாக உட்கார வைத்துக் கேளுங்கள்: பெண் பிள்ளையாக இருந்தால்? தம்பி சாயல் துளியும் இல்லாமல் அம்மாவையே உரித்துவைத்திருந்தால்? அந்தப் பிள்ளை கடலைப் பார்க்கவே பிடிக்காமல் வளர்ந்தால்? மூன்றுக்கும் "எப்படி இருந்தாலும் சரி" என்ற பதில் தயங்காமல் வந்தால் அவர் பேரப்பிள்ளையைக் கேட்கிறார். தயங்கினால் மகனைத்தான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார், பாவம். அவரைக் குறை சொல்ல முடியாது. அவர் அழுது தீர்க்க யாராவது பக்கத்தில் இருக்க வேண்டும்.

இப்போது அந்தப் பெண். அவள் கடல்பாசி எடுக்கப் போகிறாள் என்று எழுதியிருந்தீர்கள். விரலில் துணி சுற்றிக்கொண்டு பாறையில் பாசி பறிக்கிற கை அது. காலையில் தண்ணீரில் இறங்குகிறாள், புருஷனை எடுத்துக்கொண்ட அதே கடலில். ஆறு மாதம்கூட முடியவில்லை. அவள் பேசாமல் இருப்பதைச் சம்மதம் என்று உங்கள் அம்மாவும், மறு கல்யாணத்துக்குச் சம்மதம் என்று அவள் அம்மாவும் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். இரண்டுமே ஆபத்து. விபத்துக் காப்பீட்டுப் பணம் 5 லட்சம் வருகிற வீட்டில் பிள்ளைப் பேச்சும் கல்யாணப் பேச்சும் ஒரே நேரத்தில் கிளம்புவதையும் நான் பார்த்திருக்கிறேன். உங்கள் வீட்டில் அப்படி என்று சொல்லவில்லை, ஆனால் அந்தப் பணம் அவள் கைக்கு முழுதாகப் போய்விட்டதா என்று நீங்கள் உறுதி செய்துகொள்ளுங்கள். பிறகுதான் எந்தப் பேச்சும். என்னிடம் வந்த விதவைப் பெண்களில் கருவை வைத்துக்கொண்டவர்களும் உண்டு, வேண்டாம் என்று எழுதிக்கொடுத்தவர்களும் உண்டு. அதில் ஒருத்தி எழுதிக்கொடுத்த பிறகு டேங்க் இருக்கும் அறை வாசலில் பத்து நிமிடம் நின்றுவிட்டுப் போனாள். அவளை யாரும் பாசமில்லாதவள் என்று சொல்லிவிட முடியாது. வைத்துக்கொண்டவர்களில், மாமியார் கையைப் பிடித்துக் கூட்டிவந்தவர்களை விட, ஒரு வருடம் இரண்டு வருடம் கழித்துத் தானாக போன் செய்து வந்தவர்கள் மேல்தான் எனக்கு நம்பிக்கை.

என் அபிப்பிராயத்தைச் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். அவள் தானாக விரும்பினால், தம்பி அதற்கு மறுப்பு எழுதிவைக்கவில்லை என்றால், இதில் தவறு ஏதும் இல்லை; துணிந்து நிற்கலாம், நீங்கள் கூட நிற்க வேண்டும். மற்றவர்கள் கேட்டு அவள் செய்தால், சட்டம் விட்டாலும் அது தவறு. வேறு கல்யாணம் செய்துகொள்கிறாள் என்றால் அதுவும் அவள் உரிமை, கருவைக் காட்டி அவளைக் கட்டிப்போடக் கூடாது. அவசரப்பட ஒரு காரணமும் இல்லை. சட்டப்படி கருவை 10 வருடம் வரை வைத்திருக்கலாம். 2023இல் வைத்தது 2033 வரை இருக்கும், அப்போது அவளுக்கு 35 வயதுக்குப் பக்கம்தான் ஆகியிருக்கும். உடல் கிடைத்து இறப்புச் சான்றிதழும் வாங்கிவிட்டீர்கள். உடல் கிடைக்காத வீடுகளில் இறந்ததாகச் சட்டம் அனுமானிக்கவே 7 வருடம் போய்விடும், அவர்களுக்குத்தான் நாள் நெருக்கும்.

உறைய வைத்த கருவுக்கு வருடா வருடம் கட்டணம் உண்டு. மருத்துவமனையிலிருந்து போன் வரும், பணம் கட்டுகிறீர்களா இல்லை அழித்துவிடலாமா என்று கேட்பார்கள். அந்தப் போன் அவளுக்கு ஒரு சாயங்காலம் பாசி மூட்டையோடு கரையேறும்போது வரக்கூடும், அந்த நிமிடத்தில் அவள் எதையாவது சொல்லிவிடக்கூடும். அதற்கு முன்னால் நீங்கள் அவளிடம் சொல்லிவிட்டு அவளோடு மதுரைக்கு ஒரு தடவை போய்வாருங்கள், அம்மா வேண்டாம். தம்பி கையெழுத்துப் போட்ட படிவத்தின் நகலை அவளைக் கேட்கச் சொல்லுங்கள். கவுன்சலரை அவள் தனியாகப் பார்க்கட்டும், நீங்கள் வெளியே உட்காருங்கள். அவள் சரி என்றால் இந்த வருடத்துப் பணத்தை மட்டும் நீங்கள் கட்டி, ரசீதை அவள் பெயரில் வாங்கி அவள் கையில் கொடுங்கள். திரும்பி வரும் பஸ்ஸில் இதைப் பற்றி ஒன்றும் பேசாதீர்கள்.